கடைசி ஆளுக்கு முந்தின ஆள்

லிஃப்ட் நின்றுபோனால் ஓடி வருகிற ஆள் என்று அவரைச் சொல்வார்கள். ஓடி வந்ததெல்லாம் ஒரு காலம். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் பதினோரு மாடி ஏறிப் போய்ச் சேர்ந்தபோது, காப்பாற்றப்பட வேண்டியவர் யார் என்பதிலேயே குழப்பம் வந்துவிட்டது.

பத்தாவது மாடிக்கும் பதினோராவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றிருந்தது. உள்ளே கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், கையில் காய்கறிப் பையோடு. மோட்டார் அறையோ மொட்டைமாடியில். லிஃப்டைச் சரிசெய்கிறவன் படியில்தான் ஏற வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கிற ஒரே நகைச்சுவை அதுதான், அதற்கும் அவர் ஒருநாள்கூடச் சிரித்ததில்லை. ஆறாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்தார். எட்டாவது மாடியில் கருவிப்பையை இறக்கி வைத்துவிட்டு, யாரோ ஒரு பல் டாக்டரின் பெயர்ப்பலகையை மூன்று தடவை படித்தார், என்னமோ படிப்பதற்காகவே நின்றவர் போல. மேலே போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டைத் தளத்துக்குக் கொண்டுவந்து, கீழே இறங்கிக் கதவைத் திறந்தபோது அந்த அம்மாள் சாவகாசமாக வெளியே வந்தார். இவர்தான் சுவரில் சாய்ந்து நின்றார்.

"ஐயையோ, என்னப்பா இப்படி மூச்சு வாங்குது! உக்காரு, உக்காரு. இந்தா, தண்ணி குடி," என்று பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார் அந்த அம்மாள். "நான் உள்ள நல்லாத்தான் இருந்தேன். உனக்குத்தான் யாரையாவது கூப்பிடணும் போல."

லிஃப்ட்காரர் குடித்தார். பாட்டிலைக் காலி செய்துதான் திருப்பிக் கொடுத்தார். மானம் போனது போனதுதான், தாகமாவது தீரட்டுமே.

இதே மனிதர்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நாற்பத்திரண்டு வயதில், ஊருக்கு வெளியே இருக்கிற மலையில் பன்னிரண்டு கிலோமீட்டரை அறுபத்தொன்பது நிமிடத்தில் ஓடி முடித்தவர் என்றால் அந்த அம்மாள் நம்பியிருக்க மாட்டார். கண்ணாடியில் தொப்பையைப் பார்க்கும்போது அவருக்கே நம்பிக்கை வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் விடியும் முன்பே சாலையில் இருப்பார். கூடவே மச்சானும் இருப்பார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவரும் ஒன்றாக ஓடினவர்கள். சொல்லப்போனால், ஓட்டம் முடிந்து மச்சான் வீட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போய்த்தான் அவருக்குக் கல்யாணமே ஆயிற்று.

பிறகு ஏன் விட்டார்? கேட்டால் "முட்டி" என்பார். முட்டி வலி. டாக்டர் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். எந்த டாக்டர் என்று கேட்டால் அவர் ஊரைவிட்டுப் போய்விட்டாராம். ஒன்பது வருஷமாக ஒரு பொய்யைக் கட்டி மேய்ப்பது சாதாரண வேலை இல்லை. சொந்தக்காரர்கள் வந்தால் முட்டியைத் தடவிக்கொள்ள வேண்டும், மாடிப்படி பார்த்தால் முகத்தைச் சுளிக்க வேண்டும். இதில் பெரிய சிக்கல், எந்த முட்டி என்பதே நாளடைவில் அவருக்கு மறந்துபோனது. அந்தந்த நேரத்துக்கு எது கைக்கு எட்டுகிறதோ அதைத் தடவினார்.

முட்டிக்கு ஒன்றும் இல்லை. நடந்தது இதுதான். அந்த அறுபத்தொன்பது நிமிட ஓட்டத்தில், ஏழாவது கிலோமீட்டர் தாண்டி, பாதை குறுகித் திரும்புகிற ஒரு வளைவில் மச்சானின் வலது கணுக்கால் மடங்கியது. "நீ போ மாப்ள, நான் வந்துடுறேன்," என்றார் மச்சான், அங்கே இருந்த ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டே. லிஃப்ட்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். வாழ்நாளில் வராத வேகம் வந்திருந்தது. போய்விட்டார். போய், ஓடி முடித்து, மத்தியானம் பரிசளிப்பு வரை இருந்து, மெடலைப் பல்லில் கடித்தபடி போட்டோவுக்கும் நின்றார். மச்சான் அந்தக் கல்லில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

அதற்காக யாரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. லிஃப்ட்காரர் அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார். இரண்டு மாதம் கழித்து ஒருநாள், தூசி துடைத்துக்கொண்டிருந்த மனைவி அதைக் கிட்டே போய்ப் பார்த்தாள். மெடலைக் கடித்துக்கொண்டு இளிக்கிற புருஷனுக்குப் பின்னால், மங்கலாக, இரண்டு பேர் தோளில் கைபோட்டு ஒற்றைக் காலில் வந்துகொண்டிருந்தார் அவள் அண்ணன். அதை ஆணியிலிருந்து கழற்றினாள். ஓட்டக் காலணியின் அட்டைப்பெட்டிக்குள் வைத்துப் பரணில் போட்டாள். அன்றைக்குத்தான் அவருக்கு முட்டி வலி ஆரம்பித்தது.

மச்சானோடு பேச்சு இல்லாமல் இல்லை. "எப்படி இருக்க மாப்ள", "முட்டி எப்படி இருக்கு", "மழை வரும் போல" என்று மூன்று வாக்கியத்தில் ஒன்பது வருஷத்தை ஓட்டிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று லிஃப்ட்காரர் ஒருமுறை மச்சான் வீட்டுக்கே போனார். டிவியில் செய்தி முழுவதையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

தண்ணீர் பாட்டில் அம்மாள் அவரை உலுக்கிவிட்டார் என்றே சொல்ல வேண்டும். மறுநாளே கருவிப்பையில் ஸ்பேனர்களுக்கு நடுவே ஒரு புது ஷூவைச் செருகிக்கொண்டு, வேலைக்குப் போகிற மாதிரி அரைமணி முன்னதாகவே கிளம்பினார். முட்டி வலிக்காரர் வீட்டு வாசலிலிருந்தா ஓட முடியும்? ஏரிக்கரைச் சாலையில், ஆள் இல்லாத இடமாகப் பார்த்து ஆரம்பித்தார். முதல்நாள் மூன்று விளக்குக் கம்பம். நான்காவது கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றபோது, போனில் யாரையோ திட்டியபடி நடந்துபோன ஒருவர் அவரைத் தாண்டிப் போனார். ஓடுகிற ஆளை நடக்கிற ஆள் தாண்டினார். அதுவும் திட்டுவதற்கு மூச்சு மிச்சம் வைத்துக்கொண்டு.

ஆனாலும் விடவில்லை. இரண்டு மாதத்தில் விளக்குக் கம்பம் கிலோமீட்டராயிற்று. கால் பழைய கணக்கை மறக்கவில்லை; மூச்சுதான் யாரோ புதிதாய் வேலைக்குச் சேர்ந்தவன் மாதிரி எல்லாவற்றுக்கும் திணறியது. ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் முடித்த அன்று, பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு குத்தாட்டமே போட்டார்.

குட்டு வெளிப்பட்டது சாக்ஸால். ஒருநாள் காலை மனைவி அவர் சாக்ஸை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி வந்து நின்றாள்.

"ஏங்க, உங்க முட்டி நேத்து எத்தன கிலோமீட்டர் போச்சு?"

அவர் அசடு வழிந்தார். "அஞ்சு," என்றார் மெதுவாக. பிறகு, சும்மா இருக்க முடியாமல், "அஞ்சரை," என்றார்.

அவள் சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்தாள். "அண்ணன் இன்னும் அந்த மலைக்குப் போறான், தெரியுமா? ஓடுறதில்ல. கடைசி ஆளா போறான்."

கடைசி ஆள் என்பது அந்த ஓட்டத்தில் ஒரு வேலை. வழி தெரிவதற்காக மரத்திலும் புதரிலும் கட்டியிருக்கிற ஆரஞ்சு ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே, எல்லோருக்கும் கடைசியில் ஓடுகிறவனுக்கும் பின்னால் வர வேண்டும். அவனை முந்தக் கூடாது. அவன் நின்றால் நிற்க வேண்டும்.

"அடுத்த மாசம் ஓட்டம் வருது," என்றாள் மனைவி. "போறதுன்னா போங்க. ஆனா மெடலுக்காகப் போகாதீங்க. அவன்கிட்ட பேசிட்டு வாங்க. எனக்கு இருக்கறது ஒரே ஒரு அண்ணன். நீங்க ரெண்டு பேரும் மழையப் பத்திப் பேசுறத என்னால இனிமே கேக்க முடியாது."

பேசிவிட வேண்டும் என்று லிஃப்ட்காரர் அன்றைக்கே முடிவு செய்தார். இங்கேதான் அவருடைய புத்தியைப் பார்க்க வேண்டும். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் சும்மா போய்க் கேட்க வேண்டியதுதானே? இவர் திட்டம் போட்டார். நன்றாக ஓடி முடிப்பது, முடித்துவிட்டு எல்லைக்கோட்டில் காத்திருப்பது, மச்சான் ரிப்பன் மூட்டையோடு வரும்போது எதிரே போய்க் கையைப் பிடிப்பது. அதாவது மன்னிப்பையும் ஜெயித்துவிட்டுத்தான் கேட்பாராம்.

திட்டத்தின் உச்சம் பரணில் இருந்தது. பழைய மலைக் காலணி. போட்டோவை ஓரமாக எடுத்துவைத்துவிட்டுக் காலணியைக் கையில் எடுத்தார். மேலே ஒரு கீறல் இல்லை, அடியில் பற்கள் அப்படியே இருந்தன. பயிற்சிக்குப் போடாமல் ஓட்டத்தன்று போட்டுக்கொள்வதாக வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லிஃப்ட்காரர் போகிற கட்டடத்திலெல்லாம் ஒரு வகுப்பு எடுப்பார். "ரப்பருக்கு வயசு இருக்கு சார். லிஃப்ட் ஓடினாலும் சரி, ஓடாம சும்மா நின்னாலும் சரி, தேதி வந்தா மாத்தியே ஆகணும். பாக்கப் புதுசா இருக்கேன்னு நம்பாதீங்க. சும்மா கிடந்த ரப்பர்தான் முதல்ல கைவிடும்." இருபத்தாறு வருஷமாக இதை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பவர், ஒன்பது வருஷம் சும்மா கிடந்த ரப்பரில் காலை நுழைத்துக்கொண்டு மலையேறப் போனார்.

அன்று காலை பழக்க தோஷத்தில் முதல் வரிசையில் போய் நின்றார். பக்கத்தில் நின்ற பையன்களின் தொடையைப் பார்த்தபோதே பின்னால் போயிருக்கலாம்; போகவில்லை. விசில் ஊதினார்கள். முதல் கிலோமீட்டர் பறந்தார். இரண்டாவது கிலோமீட்டரில் மற்றவர்கள் பறந்தார்கள். மூன்றாவது கிலோமீட்டர் முடிவதற்குள் "எக்ஸ்கியூஸ் மீ அங்கிள்" என்ற சொற்றொடரை நூறு குரலில் கேட்டுவிட்டார்.

ஐந்தாவது கிலோமீட்டரில் ஓர் ஓடை. தண்ணீரில் இறங்கி ஏறினதும் வலது கால் "சப், சப்" என்றது. ஈரம் என்று நினைத்தார். கொஞ்ச தூரத்தில் "சப்" என்பது "டப்" ஆயிற்று. குனிந்து பார்த்தால் காலணியின் முன்பக்கம் வாய் பிளந்து நிற்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கித் தூக்கி வைத்து, ஒரு மாதிரி கொக்கு நடை நடந்து ஏறினார். ஏழாவது கிலோமீட்டர் தாண்டின ஏற்றத்தில் அடிப்பாகம் மொத்தமாகக் கழன்று, பாதை ஓரமாகப் போய் விழுந்தது. கூர்மையான சரளைக் கல்லில் இரண்டு எட்டு வைத்ததும் உயிர் போயிற்று. உட்கார இடம் தேடினார். அந்தப் பாதையில் உட்காருகிற மாதிரி கல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் உட்கார்ந்த பிறகுதான் அது எந்த வளைவு என்று தெரிந்தது.

எழுந்துவிடலாமா என்று பார்த்தார். எழுந்தால் நிற்க முடியவில்லை. கழன்ற அடிப்பாகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பின்னால் வந்த ஒரு பெண் நின்றாள். "என்னாச்சு அங்கிள்? ஹெல்ப் வேணுமா?"

"ஒண்ணும் இல்லம்மா. நீ போ, நான் வந்துடுறேன்."

அவள் போய்விட்டாள். அடுத்து இரண்டு பேர் வந்தார்கள். "நீங்க போங்கப்பா, நான் வந்துடுறேன்," என்றார் அவர்களிடமும். அவர்கள் முதுகு வளைவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் உறைத்தது. வாய் போ என்கிறது. மனசு, ஒருத்தராவது போகாமல் நிற்க மாட்டாரா என்று தவிக்கிறது. சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் ஒன்பது வருஷம் தப்பித்திருந்தார். அவன்தானே போகச் சொன்னான், அவன்தானே சொன்னான் என்று. அந்தக் கல்லில் உட்கார்ந்து அதையே தன் வாயால் சொன்னபோது அவருக்குத் தன்மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

பிறகு யாரும் வரவில்லை. நாற்பது நிமிடம். பாதையில் காற்றுச் சத்தம் மட்டும் இருந்தது. இவர் நாற்பது நிமிடத்துக்கே அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். அந்த மனிதன் ஒன்றரை மணி நேரம் இருந்திருக்கிறான், வீங்கின காலோடு.

கீழே புதர் சலசலத்தது. தோளில் துணிப்பையும் கையில் ஆரஞ்சு ரிப்பனுமாக மச்சான் ஏறி வந்தார். ஒவ்வொரு கிளையிலிருந்தும் அவிழ்த்துச் சுற்றிப் பைக்குள் போட்டபடி வந்தவர், நிமிர்ந்து பார்த்து நின்றார்.

"அடடே," என்றார். "இது என் கல்லாச்சே."

"மச்சான்..."

"என்ன, முட்டியா?"

"இல்ல மச்சான். முட்டிக்கு ஒண்ணும் இல்ல. ஒன்பது வருஷமாவே ஒண்ணும் இல்ல."

"அது தெரியும். எங்கம்மாவ ஆஸ்பத்திரியில பாக்க வந்தப்ப வலது கால நொண்டுன. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தப்புறம் பாக்க வந்தப்ப இடது கால நொண்டுன. அம்மாவே கேட்டாங்க, மாப்பிள்ளைக்கு ரெண்டு காலுமா போச்சுன்னு."

லிஃப்ட்காரர் சிரிக்க முயன்றார். வரவில்லை. போட்ட திட்டம், எல்லைக்கோடு, பிடிக்க வேண்டிய கை, எல்லாம் எங்கோ போய்விட்டது. மடியில் இருந்த ரப்பரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கு நீ போன்னு சொன்ன. நீ சொன்னதாலதான் போனேன்னு இத்தன வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொய் மச்சான். நீ சொல்லலைன்னாலும் போயிருப்பேன். நான் உன் காலப் பாக்கல, வாட்சத்தான் பாத்தேன். தப்பு பண்ணிட்டேன். என்ன மன்னிச்சிடு."

மச்சான் கையிலிருந்த ரிப்பனை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார்.

"கால் ஆறு வாரத்துல சரியாயிடுச்சு மாப்ள," என்றார் கடைசியில். "போன்னு நான்தான் சொன்னேன். இல்லைன்னு சொல்லல. ஆனா நீ அந்த வளைவு திரும்புற வரைக்கும் பாத்துட்டே இருந்தேன். நீ ஒரு தடவ திரும்பிப் பாப்பன்னு."

"பாக்கல."

"பாக்கல. அதுதான் சரியாகல."

லிஃப்ட்காரர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று சொல்லிக்கொள்ள வசதியாகத்தான் இருந்தது, ஆனால் சொல்லவில்லை.

"அந்த வருஷம் கடைசி ஆள்னு யாரையும் போடல," என்றார் மச்சான். "அதனாலதான் என்ன யாரும் தேடல. அடுத்த வருஷம் நானே போய் அந்த வேலையக் கேட்டு வாங்கினேன். இந்தக் கல்லுல எவனும் தனியா உக்காந்துடக் கூடாது, அவ்வளவுதான். சரி, கால நீட்டு."

"என்ன மச்சான்?"

"கால நீட்டுன்னா நீட்டு." மண்டியிட்டு உட்கார்ந்து, அடிப்பாகத்தைக் காலணியோடு வைத்து, பையிலிருந்து ரிப்பனை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். இரண்டு, ஐந்து, எட்டு ரிப்பன். "லிஃப்ட் ரப்பர மாத்து மாத்துன்னு ஊருக்கெல்லாம் வகுப்பு எடுக்குற! வெக்கமா இல்ல உனக்கு?"

"இருக்கு மச்சான்."

"இருக்கட்டும். எந்திரி."

லிஃப்ட்காரர் எழுந்து, வழிவிட்டு ஒதுங்கினார். "நீ முன்னாடி போ மச்சான். இந்தத் தடவ நான் பின்னாடி வரேன்."

"ஆமா, வந்துட்டாரு தியாகி! கடைசி ஆள் முந்தக் கூடாது, அது சட்டம். நட. இறக்கத்துல அவசரப்படாத, நான் சொல்லிக் குடுக்குற கார்லதான் என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு, இங்க உன்கிட்ட மட்டும்தான் இருக்கு. பாத்துக் கால வை."

நடந்தார்கள். பாதை ஓர் ஆள் அகலம்தான். லிஃப்ட்காரர் முன்னால், ஒரு கால் ஆரஞ்சுப் பொட்டலமாக. மச்சான் பின்னால், கிளைகளிலிருந்து ரிப்பனை அவிழ்த்தபடி. முதல் வளைவு வந்ததும் லிஃப்ட்காரர் நின்று திரும்பிப் பார்த்தார். மச்சான் ஒரு முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் வருகிறவரை நின்றார். அடுத்த வளைவிலும் திரும்பிப் பார்த்தார். அதற்கடுத்ததிலும்.

"யோவ், முன்னாடி பாத்துப் போய்யா! விழுந்து தொலைக்காத, உன்னத் தூக்க என்னால முடியாது."

"சரி மச்சான்," என்பார். அடுத்த வளைவில் மறுபடியும் திரும்புவார். ஐந்து கிலோமீட்டரில் எத்தனை வளைவு உண்டோ அத்தனையிலும் திரும்பினார். இரண்டு தடவை மரத்தில் இடித்துக்கொண்டார்.

கீழே போனபோது ஓட்டத்துக்குக் கொடுத்த நேரம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. எல்லைக்கோட்டில் கட்டியிருந்த பெரிய கடிகாரத்தை அவிழ்த்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். மெடல் தீர்ந்துபோனதா, இவருக்குக் கிடையாதா என்று கேட்கவும் ஆள் இல்லை. பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே முடிக்கவில்லை என்று இருந்தது. எல்லைக்கோடு வரைந்த சுண்ணாம்பு மட்டும் தரையில் மிச்சம். அதன் அந்தப் பக்கம் மனைவி நின்றிருந்தாள். இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவசரமாகப் போனைத் தூக்கிப் படம் எடுத்தாள்.

பழைய போட்டோ இருந்த சட்டத்தில் இப்போது அந்தப் படம்தான் இருக்கிறது, ஹாலில், அதே ஆணியில். மச்சான் தெளிவாக விழுந்திருக்கிறார். கழுத்து நிறைய ரிப்பன், வாய் நிறையத் திட்டு, கண்ணில் சிரிப்பு. ஆரஞ்சுக் காலோடு முன்னால் நிற்கிற ஆளுக்கு மட்டும் முகம் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் இது உங்கள் ஓட்டம்தானே, இதில் நீங்கள் எங்கே என்று கேட்கிறார்கள்.

லிஃப்ட்காரர் தன் பின்மண்டையைத் தடவிக் காட்டுகிறார்.